சிஸ்டத்துக்கு ஆகாதுன்னு சொன்னது யாரு?

கேம் கம்பெனிகள் இலவசமாகக் கொடுக்கிற ஹெச்டி டெக்ஸ்சர் பேக் (கேமுக்குள் சுவர், பாறைமேல் ஒட்டுகிற படங்களின் பெரிய அளவுத் தொகுப்பு) எதைப் பார்த்தாலும், அதன் கீழே போட்டிருக்கும் "தேவை" பட்டியலை நான் நம்பவும் மாட்டேன், நம்பாமல் விடவும் மாட்டேன். பல வருசமாக இதே இழுபறிதான். இன்ன கார்டு, இவ்வளவு மெமரி, இன்ன விண்டோஸ், இல்லையென்றால் ஆகாது. எதனால் ஆகாது என்று ஒரு வரி இருக்காது. 2024 ஏப்ரலில் அக்கா பையன் போன் பண்ணினான். "ஏனுங் மாமா, ஃபால்அவுட் 4க்கு ஹெச்டி பேக் இருக்குதுங்ளாமா. ஆனா 1080 கார்டு வேணும்னு போட்டிருக்கானுங்க. எங்கிட்ட 1650 தானுங். போட்டா ஓடுங்ளா?" 1080, 1650 ரெண்டும் என்விடியா கம்பெனியின் கிராஃபிக்ஸ் கார்டுகள், 1080தான் பெரியது. ஓடும், ஓடாது என்று ஒற்றை வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சித்தெ இரு மாப்ள, ஞாயித்துக்கெழம நானே வர்றேன்" என்று வைத்துவிட்டேன்.

அவன் திருப்பூரில் பனியன் பிரிண்டிங் யூனிட் ஒன்றுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறவன். கம்ப்யூட்டர் வாங்கியது அந்த வேலைக்கு, கார்டு வாங்கியது ராத்திரி வேலைக்கு. அந்த மாசம்தான் ஃபால்அவுட் வெப் சீரிஸ் வந்திருந்தது. 2015இல் வந்த கேமை ஊரெல்லாம் மறுபடி தோண்டி எடுத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த பேக்கை அது வந்த நாளிலிருந்தே தெரியும். 2017 பிப்ரவரியில் வந்தது, அளவு 58 ஜிபி. ஜியோவில் நாளைக்கு 1 ஜிபி வரைக்கும்தான் வேகம் என்றிருந்த நேரம். கணக்குப் போட்டால் இறக்கி முடிக்க ரெண்டு மாசம். கார்டைப் பற்றிக் கவலைப்படுகிற இடத்துக்கே நம்மாட்கள் பாதிப்பேர் போகவில்லை.

படத்துக்கு ஏது 64 பிட்?

இந்த இழுபறி எனக்கு ஆரம்பித்தது ஃபார் க்ரை கேமில். பாலிடெக்னிக் படித்துக்கொண்டே சாயங்காலங்களில் காந்திபுரத்தில் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதி வாங்குகிற வேலை. கிரைடெக் செய்து 2004 மார்ச்சில் யூபிசாஃப்ட் வெளியிட்ட ஃபார் க்ரைதான் அப்போது எங்கள் சென்டரில் கார்டு இருந்த ரெண்டே ரெண்டு சிஸ்டங்களின் ராஜா. அதுவரை வீட்டு சிஸ்டங்கள் பெரும்பாலும் 32 பிட், அதாவது ப்ராசஸர் ஒரே தடவையில் கையாளுகிற எண்ணின் அளவு அவ்வளவு. அடுத்த வருசம் மைக்ரோசாஃப்ட் 64 பிட் விண்டோஸ் எக்ஸ்பியை விட்டது. அதையொட்டி ஃபார் க்ரைக்கும் 64 பிட் பதிப்பு வந்தது, கூடவே தனியாக ஒரு கிராஃபிக்ஸ் சரக்கும் வந்தது. தூரத்து மலை இன்னும் தூரம் வரை தெரியும், புல் பூண்டு அடர்த்தியாக இருக்கும், பாறை பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் மங்காது. ஆனால் இந்தச் சரக்கு ஏஎம்டி என்கிற சிப் கம்பெனியின் 64 பிட் ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் சென்டரில் இருந்தது அத்தனையும் 32 பிட்.

மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டு வயிறெரிந்தவர்களில் நானும் ஒருத்தன். அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிற கடையில் கேட்டால், "அது 64 பிட்டுக்குப் பண்ணதுங்க தம்பி, உங்க சிஸ்டம் தாங்காது, போர்டோட மாத்திக்கோணும்" என்றார்கள். அது உண்மையாக இருக்கும் என்றுதான் எனக்கும் பட்டது. 64 என்பது 32இல் ரெண்டு மடங்கு, பெரிய பாத்திரத்துச் சோறு சின்னக் கிண்ணத்தில் எப்படிப் பிடிக்கும் என்கிற அளவுக்குத்தான் அப்போது என் கம்ப்யூட்டர் ஞானம்.

பிறகு கூடப் படித்தவன் ஒருத்தன் எங்கிருந்தோ அந்தச் சரக்கைப் பிரித்து எடுத்து சிடியில் போட்டுக் கொண்டுவந்தான். ஒன்பது மணிக்குமேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு சிடியைத் திறந்தோம். உள்ளே பிஏகே என்று முடிகிற பெரிய ஃபைல்கள். கிரைடெக்கின் பிஏகே ஃபைல் என்பது வேறு பெயர் வைத்துக்கொண்ட ஜிப் ஃபைல்தான், வின்ரார் போட்டாலே திறந்துவிடும். திறந்தது. அடுக்கடுக்காக ஃபோல்டர்கள். ஒன்றில் புல், ஒன்றில் மரப்பட்டை, ஒன்றில் பாறை. எல்லாம் டிடிஎஸ் படங்கள், நாங்கள் ஆடிக்கொண்டிருந்த பழைய ஃபார் க்ரைக்குள் இருக்கிற அதே வகை, அகலம் நீளம் மட்டும் அதிகம். இன்னொரு பக்கம் நோட்பேடில் திறந்தால் படிக்கிற மாதிரியே எழுத்து ஃபைல்கள். எது எவ்வளவு தூரம் வரை தெரிய வேண்டும் என்பது அதில் வெறும் எண். கூட இருந்தவன் மவுஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "ஏன்டா, படத்துக்கு ஏதுடா 64 பிட்டு?"

அந்தக் கேள்வியை நான் இன்னும் தாண்டவில்லை. 64 பிட்டாக இருப்பது கேமை ஓட்டுகிற புரோகிராம். அது 32 பிட் சிஸ்டத்தில் ஏறாது, அது நிஜம், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அது வரைந்து காட்டுகிற பாறைப் படத்துக்கும் புல்லுக்கும் பிட் கணக்கே கிடையாது. ரெண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, மேலே ஒரே சீட்டை ஒட்டிவிட்டார்கள். இந்தச் சரக்கை 32 பிட் கேமுக்குள் கொண்டுவர ரசிகர்கள் வழி கண்டுபிடித்திருந்தார்கள். அதன்படி ஃபைல்களை அந்தந்த இடத்தில் வைத்தோம். ஓடியது. கரையில் நின்று பார்த்தால் எதிர்த் தீவின் மரங்கள் அட்டைபோல நிற்காமல் மரமாக நின்றன.

ஓடியது என்று சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான். கொஞ்ச தூரம் நடந்ததும் கேபினெட்டின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது, படம் திக்கித் திக்கி வந்தது. அந்த சிஸ்டத்தில் இருந்தது 512 எம்பி ரேம். பத்தாமல் ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுக் கடைந்துகொண்டிருந்தது. பக்கத்து சிஸ்டத்தின் ரேமைக் கழற்றி இதில் சொருகியதும் அடங்கியது. ஆக, தடை என்று அவர்கள் எழுதியிருந்தது 64 பிட். எங்களை நிஜமாகவே தடுத்தது ரேம். எழுதிய காரணம் தடுக்கவில்லை, தடுத்த காரணத்தைக் கடைக்காரர் சொல்லவில்லை.

ஏஎம்டியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 64 பிட் ப்ராசஸரை விற்க வேண்டும், அதை வாங்கினால் வீட்டில் எது மாறும் என்று கண்ணுக்குக் காட்ட அன்றைக்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. அதனால் காட்டுவதற்கு ஒன்றைச் செய்தார்கள். வியாபாரம் செய்கிற ஊரில் வளர்ந்த எனக்கு அது தப்பாகவே படவில்லை. சரக்குக்கு விளம்பரம் வேண்டுமென்பது சரி, அந்த விளம்பரத்தை ப்ராசஸரின் வாயால் சொல்லவைத்ததுதான் உறுத்துகிறது.

மங்கலாக இருந்த பட்டன்

அதற்கப்புறம் இதே ஆட்டம் திரும்பத் திரும்ப நடந்தது. ஹாலோ 2 முதலில் எக்ஸ்பாக்ஸில் வந்தது 2004இல். 2007இல் கம்ப்யூட்டருக்கு வந்தபோது எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டா இருந்தால்தான் ஆச்சு என்றார்கள். கேமும் கார்டும் பேசிக்கொள்ள விண்டோஸில் இருக்கிற டைரக்ட்எக்ஸ் என்னவோ எக்ஸ்பியிலும் இருந்த பழைய 9தான். எக்ஸ்பியில் ஓட வைக்க ஆட்களுக்கு ரொம்ப நாள் பிடிக்கவில்லை. அதே வருசம் கிரைசிஸ். அதில் கிராஃபிக்ஸை "வெரி ஹை"யில் வைக்க விஸ்டாவும் டைரக்ட்எக்ஸ் 10ம் வேண்டும். எக்ஸ்பியில் அந்த வரி மங்கலாகக் கிடக்கும், மவுஸை வைத்து எத்தனை அழுத்தினாலும் அசையாது. அக்டோபரில் டெமோ வந்த சூட்டோடு சூடாக, அந்த அமைப்புகள் எல்லாம் சாதாரண எழுத்து ஃபைல்களில்தான் இருக்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டார்கள். "ஹை"க்கான எண்ணை அழித்துவிட்டு "வெரி ஹை"க்கான எண்ணை அங்கே எழுதினால் போதும். எக்ஸ்பியில், டைரக்ட்எக்ஸ் 9இல், இலைகளின் இடுக்கில் சூரிய ஒளி கீற்றுக் கீற்றாக இறங்கியது. எல்லாமே வந்தது என்று சொல்ல மாட்டேன். பத்து ரூபாய்க்கு ஒன்பது ரூபாய்ச் சரக்கு வந்தது.

இது நடந்ததிலிருந்து என்னோடு சுற்றியவர்கள் பாதிப்பேர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். எந்தத் தடையைக் காட்டினாலும் "அட எல்லாம் காசு புடுங்கற வேலைங், ஃபைலத் தொறந்து மாத்துனா ஓடும்" என்பது அவர்கள் பாட்டு. மீதிப்பேர் கடைக்காரர் சொன்னால் வேதம், புதுக் கார்டு வாங்கிவிடுவார்கள். ரெண்டு கூட்டத்தோடும் எனக்கு ஒட்டவில்லை. 2014இல் ஷேடோ ஆஃப் மார்டோர் வந்தபோது அல்ட்ரா டெக்ஸ்சருக்கு 6 ஜிபி மெமரி உள்ள கார்டு வேண்டும் என்றார்கள். பாட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே 2 ஜிபி கார்டில் போட்டார்கள். போட்டது போட்டபடி உட்கார்ந்தது. நாலு அடிக்கு ஒரு தரம் படம் நின்று நின்று வந்தது, அதற்கும் கார்டை இயக்குகிற டிரைவர் சாஃப்ட்வேரைக் குறை சொன்னார்கள். மாற்றி எழுதுவதற்கு அதில் எந்த ஃபைலும் கிடையாது. மெமரி இல்லையென்றால் இல்லைதான்.

இதில் நான் நிற்கிற இடம் எங்கள் தோட்டத்துக்கு வந்து போன மோட்டார்க்காரரிடம் பார்த்துக் கற்றது. பெதப்பம்பட்டிப் பக்கம் எங்களுக்குத் தென்னையும் கொஞ்சம் சோளமும். கிணற்று மோட்டார் மும்முனை. பகலில் 6 மணி நேரம், ராத்திரி 3 மணி நேரம் என்று மும்முனை மின்சாரம் கொடுத்த காலம். மற்ற நேரத்தில் ரெண்டு பேஸ்தான் வரும். தென்னைக்கு வெயிலில் தண்ணி வேண்டுமே. அதனால் ஊரில் பாதித் தோட்டத்தில் ஸ்டார்ட்டர் பக்கத்தில் கண்டன்சர் மாட்டி, ரெண்டு பேஸிலேயே மும்முனை மோட்டாரை ஓட்டினார்கள். மோட்டார் பெயர்த்தகட்டில் மூணு பேஸ் என்று தெளிவாகப் பொறித்திருக்கும். மின்வாரியமும் கூடாது என்றுதான் சொன்னது. அதில் நியாயமும் உண்டு, பத்துத் தோட்டத்தில் இப்படி ஓட்டினால் டிரான்ஸ்பார்மருக்கும் பக்கத்துக்காரனுக்கும் சேர்த்துத்தான் கேடு. கேமில் அந்தப் பாவம் இல்லை, கெட்டால் நம் ஞாயிற்றுக்கிழமைதான் கெடும்.

கண்டன்சர் மாட்டிக் கொடுத்தால் ஓடும் என்று எந்த எலக்ட்ரீசியனும் சொல்லுவான். ரெண்டாவது மாசம் காயில் கருகி ரீவைண்டிங்குக்குப் போகும். எங்கள் மோட்டார்க்காரர் வேறு மாதிரி. மாட்டிவிட்டு, ஓடவிட்டு, ஒயரைக் கவ்விக் கரண்ட் அளக்கிற டாங் டெஸ்டரை ஒவ்வொரு ஒயராக மாட்டி ஆம்பியரைப் பார்த்தார். பெயர்த்தகட்டில் போட்டிருந்ததைத் தாண்டி நின்றது. உடனே "ஆகாதுங்" என்று கழற்றவில்லை. தண்ணி வெளியே வருகிற குழாயின் கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி மூடிக்கொண்டே டெஸ்டரைப் பார்த்தார். தண்ணி குறையக் குறைய ஆம்பியரும் இறங்கியது. ஒரு இடத்தில் நிறுத்தி, வால்வில் சுண்ணாம்பால் கோடு போட்டார். "இந்தக் கோட்டத் தாண்டித் தொறந்தீங்கன்னா காயில் போயிரும். இதுக்குள்ள ஓட்டிக்குங்க, நான் பொறுப்பு" என்றார். அந்த மோட்டார் வருசக் கணக்கில் ஓடியது. எங்க அப்பாவுக்குத் தண்ணி பத்தவில்லை என்ற குறை கடைசி வரைக்கும் இருந்தது, அது வேறு.

1650இல் 58 ஜிபி

ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் போனேன். அக்கா காப்பி கொடுத்துவிட்டு, "இவனுக்கு வேலைக்கு வாங்குன சிஸ்டத்துல நீயும் சேந்துக்கிட்டு வெளையாடறயா?" என்று ஒரு பாட்டம் திட்டி முடித்தபிறகு சிஸ்டத்தைத் திறந்தோம். பேக்கை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தான். கேம் விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம், கார்டு சரியில்லையென்று தடுப்பதில்லை. எழுதிப் போட்டுவிட்டு, உன் பாடு என்று விட்டுவிடும். ஒருவகையில் அது கிரைசிஸின் மங்கல் பட்டனைவிட மரியாதையான முறை.

அவன் டிசைன்காரன் என்பதால் கணக்குச் சொல்லுவது சுலபமாக இருந்தது. அகலம் 2048, உயரம் 2048 உள்ள ஒரு டெக்ஸ்சர், கார்டுகள் வழக்கமாக வைத்துக்கொள்கிற சுருக்கிய வடிவம் ஒன்றில் 4 எம்பி பிடிக்கும். தூரத்தில் தெரியும்போது காட்டுவதற்கான சின்னப் பிரதிகள் கூட மூணில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளும். இதையே 4096 ஆக்கினால் அகலம் ரெண்டு மடங்குதான், மெமரி நாலு மடங்கு. "அட, பிரிண்டுக்கு டிபிஐ ஏத்துனா ஃபைல் வீங்கற மாதிரியேதானுங் மாமா" என்றான். அதேதான். 1080 கார்டில் 8 ஜிபி, இவனுடைய 1650இல் 4. இடம் முடிந்ததும் கேம் நின்றுவிடாது. மிச்சத்தை விண்டோஸ் சாதாரண ரேமில் வைத்துக்கொண்டு கேட்கக் கேட்க அனுப்பும். இவனுடைய 1650 தன் சொந்த மெமரியை நொடிக்கு 128 ஜிபி வேகத்தில் படிக்கிற ரகம். போர்டு ஸ்லாட் வழியாக வருவது நொடிக்கு 16 ஜிபிகூட இல்லை. எட்டில் ஒரு பங்கு. படம் விக்குவது அந்த வித்தியாசத்தில்தான்.

பேக்கை முழுசாகப் போட்டு, திரையின் மூலையில் கார்டு மெமரி எவ்வளவு போகிறது என்று தெரிகிற மாதிரி மீட்டரை வைத்து ஓட்டினோம். ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் நடக்கும்போது ஒரு வம்பும் இல்லை. "பாத்தீங்ளா, ஓடுதுங்" என்றான். கேமில் வருகிற பாஸ்டன் நகரத்துக் கட்டடங்களுக்குள் நுழைந்ததும் மீட்டர் 4 ஜிபியை ஒட்டிக்கொண்டு நின்றது, திரும்பும்போதெல்லாம் படம் ஒரு இழுப்பு இழுத்தது. இங்கே எந்தக் கம்பெனியும் பொய் சொல்லவில்லை. ஆனால் 1080 வேண்டும் என்று அவர்கள் எழுதியது ஒரு மொத்தக் கணக்கு. பேக் முழுவதையும், எல்லாத் தெருவிலும், தடங்கலில்லாமல் ஓட்ட என்ன வேண்டுமோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். பாதி போதும் என்கிறவனுக்கு அதில் பதில் இல்லை.

வால்வைத் திருக ஆரம்பித்தோம். ஸ்டீமில் பேக்கின் டிக்கை எடுத்துவிட்டு, அதன் ஃபைல்களை மட்டும் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டோம். கேமின் அமைப்புகள் எழுதியிருக்கும் ஐஎன்ஐ ஃபைலில் ரெண்டு வரியை மாற்றினால், டேட்டா ஃபோல்டரில் உதிரியாக வைக்கிற படங்களை அது மூட்டைக்குள் இருப்பதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும். எது வேண்டும் என்பதை அவனையே எடுக்கச் சொன்னேன். எப்போதும் கண்முன்னால் நிற்கிற துப்பாக்கிகள், பவர் ஆர்மர் என்கிற கவசம், இவற்றை அப்படியே முழு அளவில் எடுத்துக்கொண்டான். சுவர், ரோடு, குப்பை சமாச்சாரங்களைப் பாதி அளவுக்குச் சுருக்கினான். டிசைன் வேலை பார்க்கிற கை, ஒரு மொத்த ஃபோல்டரையும் ஒரே ஏவலில் சுருக்குவது அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரைக்கு மேலே கிடக்கிற சாமான்களை எல்லாம் தூக்கி எறிந்தான். "அங்க யாருங் போய்ப் பாக்கறது?" என்றான். எனக்கு அந்தப் பதில் நெம்பப் பிடித்திருந்தது. அவனுக்கு எது கண்ணில் படுகிறது என்று எந்தப் பட்டியலுக்கும் தெரியாது. மறுபடி ஓட்டியபோது மீட்டர் 4ஐத் தொடவில்லை. நகரத்துக்குள் இழுப்பு நின்றது. ஒரிஜினல் பேக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவரில் வித்தியாசம் தெரிகிறது, ஓடிக்கொண்டே சுடும்போது எனக்குத் தெரியவில்லை. அவன் தெரிகிறது என்கிறான், சின்னக் கண்.

நியாயமாகப் பார்த்தால் இதைக் கம்பெனியே செய்திருக்கலாம். பேக்கை நாலாகப் பிரித்து, ஆயுதம் தனி, ஊர் தனி, நிலம் தனி என்று கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு மெமரி என்று எழுதினால் முடிந்தது. ஏன் செய்வதில்லை என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. ஒவ்வொரு கலவையையும் பரிசோதிக்க ஆள் வேண்டும், சரியாக ஓடவில்லை என்று வருகிற புகாருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். பரிசோதிக்கவில்லை என்று எழுதுவதற்குப் பதில் 1080 என்று எழுதிவிடுவது செலவில்லாத வழி. அதை வாசிக்கிற நம்மாள், பரிசோதிக்காததையும் ஓடவே ஓடாததையும் விற்பனைக்காகப் பூட்டியதையும் ஒரே கணக்கில் எழுதிக்கொண்டு, ஒன்று புதுக் கார்டு வாங்குகிறான், இல்லையென்றால் எல்லாரையும் திருடன் என்கிறான்.

போன வாரம் மறுபடி போன். இந்தத் தடவை ரே ட்ரேசிங், அதாவது வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்குப் போட்டுப் படம் வரைகிற முறை. என்விடியா அதை முதலில் ஆர்டிஎக்ஸ் கார்டின் தனிச் சிறப்பு என்று விற்றது, 2019 ஏப்ரலில் ஒரு டிரைவரை விட்டு 1060இன் 6 ஜிபி கார்டு தொடங்கிப் ஜிடிஎக்ஸ் கார்டுகளுக்கும் (1080, 1650 எல்லாம் இந்த வரிசைதான்) திறந்துவிட்டது. 1660ம் அந்தப் பட்டியலில் இருந்தது, இவனுடைய 1650 இல்லை. "ரெண்டும் ஒரே தலைமுறைச் சிப்பு தானுங் மாமா? அவனுக்குக் குடுத்துட்டு எனக்கு ஏனுங் குடுக்கல?" என்கிறான். திறந்துவிட்ட கார்டுகளிலேயே அது மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓடுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். "அது சரிங், ஆகாதுன்னு சொல்றது சிப்பா, கம்பெனியா?" என்று திருப்பிக் கேட்கிறான். லினக்ஸில் ஏஎம்டியின் பழைய கார்டுகளுக்கு ரே ட்ரேசிங்கை ஒப்பேற்றி ஓட்ட ஒரு வழி இருக்கிறது. 1650க்கு அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு இன்னும் தெரியாது.